அளவு மாறாத ஹெல்மெட்

ஜூன் 9, திங்கள்

கடைசியில் ஜெயித்தது நான்தான். தலையின் தட்டையைச் சரிசெய்யும் ஹெல்மெட் வந்துவிட்டது. இளஞ்சிவப்பு நிறம், ஓரத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள், பக்கவாட்டில் ஒட்டும் பட்டை. மாட்டிவிட்டதும் என் நான்கு மாதத் தன்விகா ஒரு நிமிடம் திகைத்துப் போய்ப் பார்த்தாள். பிறகு வீடு இரண்டுபட அழுதாள். அழட்டும். பழகிவிடும்.

கிளினிக்கில் தினமும் ஏதாவது எழுதிவைக்கச் சொன்னார்கள். எங்கே சிவக்கிறது, எப்போது கழற்றினோம், இந்த மாதிரி. எனக்கு அதை மட்டும் எழுத வராது. உட்கார்ந்தால் எல்லாமே வரும்.

பின்மண்டை வலது பக்கம் தட்டையாக இருக்கிறது என்று இரண்டாம் மாதத்திலேயே சொன்னேன். யார் காதில் வாங்கினார்கள்? "கடுகுத் தலகாணி வெச்சா உருண்டுக்கும் அம்மிணி" என்றார் அத்தை. "முடி வளந்தா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் இவர். இவருடைய அக்கா பூர்ணிமா, நான் நங்கையா என்று கூப்பிடுவேன், இன்னும் ஒரு படி மேலே போனார். "ஒரே பக்கமாப் படுக்கப் போட்டுட்டு லேப்டாப்பயே பாத்துட்டிருந்தா அப்படித்தான் ஆகும்." அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர். கழுத்துப் பட்டி ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் சாம்பிளைத் திருப்பி அனுப்புகிறவள். என் பிள்ளையின் தலையை மட்டும் சாய விட்டுவிடுவேனா?

குழந்தை டாக்டர் ஜெசிந்தாவிடம் போன வாரம் போயிருந்தேன். அவர் வழக்கம்போல் சிரிக்கவே இல்லை. "ஹெல்மெட்டப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. மண்டையெலும்புக்கு நடுவுல இருக்கிற இணைப்பெல்லாம் திறந்திருக்கான்னு பாக்கணும்" என்றார். இத்துணூண்டு குழந்தைக்குக் கதிர்வீச்சா? கோயம்புத்தூர் கிளினிக்கில் ரோஷன் என்ற பையன் கையளவு கருவியைத் தலையைச் சுற்றிக் காட்டினான், கணினித் திரையில் முழுத் தலையும் வந்துவிட்டது. "இதுவும் ஸ்கேன்தான் மேடம்" என்றான். முடிந்தது விஷயம்.

டாக்டர் ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை என்று இவரிடம் சொன்னேன். ஆட்சேபம் என்று அவர் எதுவும் சொல்லவும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

குளிப்பாட்டும் நேரம் தவிர நாள் முழுக்க ஹெல்மெட் இருக்க வேண்டும். கழற்றினால் புளித்த வாடை. பேபி ஷாம்பூ போட்டுக் கழுவி, மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, மறுபடி மாட்டுகிறேன். இந்த வெயிலில் எனக்கே தலை வேர்க்கிறது, அவளுக்கு எப்படி இருக்கும்.

காய்கறிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர், "பாப்பாவுக்கு லைசென்ஸ் வாங்கியாச்சுங்களா?" என்றார். நானும் விடவில்லை. "இன்சூரன்ஸே போட்டாச்சுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்று தலைக்கு எண்ணெய் வைத்தபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. உச்சியில் தொடங்கிப் பின்பக்கம் வரை ஒரு மேடு. சட்டையை உள்பக்கம் திருப்பித் தடவினால் தையல் தட்டுப்படுமே, அந்த மாதிரி. கெட்டியாக இருக்கிறது.

ரோஷனுக்குப் போன் செய்தேன். "தலை செட் ஆகுது மேடம், அப்படித்தான் இருக்கும்" என்றான். போட்டோ கேட்டான். அனுப்பினேன், முடிதான் தெரிந்தது. தன்விகாவுக்கு முடி அடர்த்தி, அவள் அப்பாவைக் கொண்டிருக்கிறாள். முடியை எடுத்துவிட்டால் ஹெல்மெட் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்றான்.

இவரிடம் கேட்டதற்கு ஏதோ கொலைக் குற்றம் செய்யச் சொன்ன மாதிரி பார்த்தார். "மொத முடி கோயில்லதான எடுக்கோணும்? உன்ற தம்பி மடியில உக்கார வெக்காம எப்படி எடுக்கறது?" தம்பி பிரசன்னா மஸ்கட்டில் இருக்கிறான். ஆவணியில்தான் லீவு. தாய்மாமன் வராமல் குலதெய்வம் கோயிலில் மொட்டை கிடையாது, அதற்கு முன்னால் ஒரு முடியைக்கூடத் தொடக்கூடாது. சரி என்று விட்டுவிட்டேன். இதில் எனக்கும் நம்பிக்கை உண்டு. முடி இருந்தால் பார்க்கவும் லட்சணமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

உச்சிக்குழி மூடிவிட்டது. முன்பெல்லாம் விரல் வைத்தால் லப் லப் என்று துடிக்கும், எனக்குப் பயமாக இருக்கும். இப்போது நெற்றி மாதிரி கெட்டியாக இருக்கிறது. அத்தையிடம் சந்தோஷமாகச் சொன்னேன். "அதுக்குள்ளயா?" என்றார். இந்த வீட்டில் யாருக்கும் ஒரு நல்ல விஷயத்தை நல்ல விஷயமாக எடுத்துக்கொள்ளத் தெரியாது.

ஜூலை 5, சனி

கிளினிக்கில் முதல் பரிசோதனை. திரையில் பழைய தலையையும் புதிய தலையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டினார்கள். பச்சை நிறம் வந்தால் முன்னேற்றமாம். கொஞ்சம் பச்சை வந்திருந்தது. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

குழந்தைகளுக்குத் தலை வேகமாக வளரும், அதனால் மாதாமாதம் ஹெல்மெட்டின் உள்பக்கம் செதுக்கி அளவைப் பெரிதாக்க வேண்டியிருக்கும் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். தன்விகாவுக்கு எதுவுமே செதுக்க வேண்டியிருக்கவில்லை. ரோஷன் நாடாவை வைத்து அளந்துவிட்டு மறுபடியும் அளந்தான். "சுத்தளவு அப்படியே இருக்கு மேடம். அதே ஹெல்மெட் போதும்" என்றான். பரவாயில்லை, நம்முடையது அளவெடுத்துத் தைத்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்தப் பச்சைப் படத்தை நங்கையாவுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

காலையில் பால் குடித்ததும் பீய்ச்சி அடித்தாள். நேற்றும் அப்படித்தான். ஏப்பம் சரியாக எடுக்கவில்லை போலிருக்கிறது.

மற்றபடி நல்ல பிள்ளையாகிவிட்டாள். முன்பு போல அடம் இல்லை. போட்ட இடத்தில் கிடக்கிறாள், நிறையத் தூங்குகிறாள். நான் இரண்டு மின்னஞ்சலுக்குப் பதில் போட்டேன், துணி மடித்தேன், ரசம் வைத்தேன். அப்போதும் எழவில்லை. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வருகிறது.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி விருந்து என்று நங்கையா வந்தார். தன்விகாவுக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கி வந்திருந்தார். வந்ததிலிருந்து அவளை மடியில் வைத்திருந்தவர், நான் மோர் கொண்டுபோனபோது மெதுவாகச் சொன்னார்.

"வினோ, தப்பா எடுத்துக்காத. கிலுகிலுப்பைய ஆட்டுனா திரும்பறா. ஆட்டாமச் சும்மா காட்டுனாப் பாக்க மாட்டேங்கறா. கண்ணு எங்கயோ போவுது. நீ கவனிச்சியா?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அவளுக்கு வெளையாட்டுச் சாமான்ல ஆசையில்லீங்க நங்கையா. மனுசங்க பேசுனாத்தான் பாக்கறா" என்றேன்.

"டாக்டர்கிட்டக் காட்டுனா ஒண்ணும் கொறஞ்சிராதுல்ல?"

"மொதல்ல நான் படுக்கப் போட்டதுல கொறை. இப்பக் கண்ணுல கொறை. அடுத்தது என்னங்க?"

மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிடாமலேயே கிளம்பிவிட்டார். இவர் வாசல் வரை போய்க் கெஞ்சினார். எனக்கொன்றும் வருத்தம் இல்லை. என் பிள்ளைக்கு நோய் கண்டுபிடிக்கவே ஒரு கூட்டம் அலைகிறது.

ஜூலை 21, திங்கள்

கிலுகிலுப்பையைப் பீரோவுக்கு மேலே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

படுக்கவைத்தால் வீறிட்டு அழுகிறாள். தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டால் உடனே நிற்கிறது. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தபடி நானும் அவளும் தூங்குகிறோம். கழுத்து எனக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. "இனி உனக்கும் ஒரு ஹெல்மெட் சொல்லீரலாம்" என்றார் இவர். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

கண்கள் பெரிதாகிவிட்டன அவளுக்கு. எதிர்வீட்டுக்காரம்மா, "முட்டக் கண்ணு, என்ன அழகு" என்று திருஷ்டி கழித்துவிட்டுப் போனார். சில நேரம் கருவிழி கீழே இறங்கி, மேலே வெள்ளை மட்டும் தெரிகிறது. தூக்கம் வந்தால் அப்படிச் செய்கிறாள்.

மேடு இன்னும் இருக்கிறது. எண்ணெய் வைக்கும் வேலையை அத்தையிடம் விடுவதில்லை. நானே வைக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஒரு தடுப்பூசி பாக்கி இருந்தது. சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டு வந்தேன். டாக்டர் ஜெசிந்தாவிடம் போனால் கூட்டம், உட்கார இடம் இருக்காது. இவர் ஏன் என்று கேட்டார். பக்கத்தில் இருக்கிறதே என்றேன். ஊசி போட்ட நர்ஸ், "தலையில என்னம்மா இது?" என்று கேட்டார். "தலை உருண்டையா வரதுக்கு" என்றேன். "டாக்டர் சொல்லித்தான போட்டிருக்கீங்க?" என்றார். தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிரசன்னா வந்துவிட்டான். பெட்டி நிறைய பேரீச்சை, பவுடர், தங்கத்தில் குட்டித் தோடு. மருமகளைக் கையில் வாங்கியதும், "ஏன்க்கா இவ்வளவு லேசா இருக்கா?" என்றான். ஹெல்மெட்டோடு சேர்த்தே லேசாகத்தான் இருக்கிறாள். வாந்தி நின்றால் எடை ஏறிவிடும்.

நாளை மறுநாள் மொட்டை. பட்டுப் பாவாடைக்குப் புடவைக்கடையில் அலைந்து, காங்கேயத்தில் கெடாக்குச் சொல்லி, சமையல்காரரிடம் பேசி, எனக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. நங்கையாவும் வருகிறாராம். வரட்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மொட்டை நல்லபடியாக நடந்தது. படங்கள் நன்றாக வந்திருக்கின்றன.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

கோயிலில் பிரசன்னா மடியில் உட்காரவைத்தோம். ஹெல்மெட்டைக் கழற்றி நான்தான் பையில் வைத்தேன். நாவிதர் தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்தார். முன்பக்கம் முழுக்க முடி இறங்கும் வரை எல்லோரும் அவளைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் முடி போனதும் கத்தி நின்றுவிட்டது. "இந்த எடத்துல வெக்கலாமுங்களா?" என்று கேட்டார் அவர். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

உச்சியில் தொடங்கிப் பின்னால் வரை விரல் தடிமனுக்கு எலும்பு எழும்பி நின்றது. அங்கிருந்து வலது காதை நோக்கி இன்னொரு மேடு. தலை ஒரு பக்கம் இழுத்துக் கட்டிய மூட்டை மாதிரி இருந்தது. பிரசன்னா அவளை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"என்ன புள்ள இது? எப்ப இருந்து இருக்குது?" என்றார் இவர்.

"ஹெல்மெட் தடமுங்க. வடிஞ்சிரும்."

மீதி முடியையும் எடுத்தார்கள். சந்தனக் கிண்ணத்தை அத்தை கையிலிருந்து நானே வாங்கினேன். கெட்டியாகக் குழைத்து உச்சியிலிருந்து பின்கழுத்து வரை பூசினேன். பூசிய பிறகு ஒன்றும் தெரியவில்லை. படம் எடுத்தோம். காது குத்தும்போது அவள் அழக்கூட இல்லை, அசந்துபோய்க் கிடந்தாள். பந்தியில் நான் எல்லோருக்கும் இனிப்பு வைத்தேன்.

நேற்றுக் காலை நங்கையா வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தம்பி, வண்டிய எடு" என்று இவரிடம் சொன்னார். என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டர் ஜெசிந்தாவின் அறையில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அவர் தன்விகாவின் தலையைத் தடவினார், கண்ணில் டார்ச் அடித்தார், நாடாவால் அளந்து பழைய அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"அந்த ஸ்கேன் எங்கம்மா?"

"என்ன ஸ்கேனுங்க?" என்றார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். இவரும் என்னைப் பார்த்தார். நங்கையா குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மேசைமேல் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது, நான் அதையே பார்த்தேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஸ்கேன் எடுத்தாயிற்று. மூளை அறுவை டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிப் பொறுமையாகச் சொன்னார். மண்டை ஓடு ஒரே எலும்பு இல்லையாம், பல துண்டுகள், நடுவில் இடைவெளி. மூளை வளர வளர அவை விலகி இடம் கொடுக்கும். தன்விகாவுக்கு இரண்டு இடத்தில் அவை முன்னாலேயே ஒட்டிக்கொண்டுவிட்டன. மூளை வளர்கிறது, இடம் இல்லை.

"ஹெல்மெட் இறுக்கினதால வந்ததுங்களா?" என்று இவர் கேட்டார்.

"ஹெல்மெட்டால வரல. பொறவியிலேயே வரது. ஆனா இதுக்கு ஹெல்மெட் போடக்கூடாது. போட்டதால நாள் போச்சு."

கண் டாக்டரும் வந்து பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறதாம். அழுத்தம் குறைந்தால் வீக்கம் வடியும், பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். மிஞ்சும் என்ற வார்த்தையைத்தான் சொன்னார்.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் அறுவைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். தலை முழுக்கக் கட்டு, முகம் வீங்கிக் கண் இமை திறக்கவில்லை. உயிரோடு இருக்கிறாள். எனக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பால் குடிக்கிறாள், வாந்தி நின்றுவிட்டது. படுக்கவைத்தாலும் அழுவதில்லை. அத்தை ஆரத்தி சுற்றினார்.

இவர் ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறார். என்னிடம் பேசுவதெல்லாம் மருந்து கொடுத்தாயா, டயப்பர் இருக்கிறதா, இவ்வளவுதான். பாத்திரத்தை ஓசையில்லாமல் வைக்கிறார். கத்திச் சண்டை போட்டால் பதிலுக்கு நானும் கத்துவேன். இப்படி இருந்தால் என்ன செய்வது? ராத்திரி சோறு போட்டால், "நானே போட்டுக்கறேன்" என்கிறார்.

நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது கண் டாக்டர் சொல்லி அனுப்பினார். வீக்கம் வடிய வடிய குழந்தை நம் முகத்தைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டுமாம். அடுத்த வாரம் ஒரு நாள், குழந்தை நன்றாக விழித்திருக்கும்போது, சத்தம் போடாமல் அவள் முன்னால் போய் நில்லுங்கள். பார்த்தால் சந்தோஷம், ஒரு மாதம் கழித்து வந்தால் போதும். பார்க்கவில்லை என்றால் மறுபடி உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், அன்றைக்கே கூட்டி வந்துவிடுங்கள், ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள் என்றார். இவர் அதை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

செப்டம்பர் 24, புதன்

இன்று பார்த்துவிடலாம் என்று இவர் லீவு போட்டிருந்தார். "நீயே நில்லு. உன்ற மொகந்தான் அவளுக்குப் பழக்கம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் போய் நின்றுகொண்டார். அவருக்குத் தைரியம் இல்லை.

தன்விகா கட்டிலில் மல்லாந்து, காலை ஆட்டிக்கொண்டு, சுறுசுறுப்பாகத்தான் இருந்தாள். நான் கொலுசைக் கழற்றினேன். வளையலைக் கழற்றினேன். வாசனையில் கண்டுபிடித்துவிடுவாளோ என்று முகத்தைக்கூட வெறும் தண்ணீரில் கழுவியிருந்தேன். மெதுவாகப் போய் அவளுக்கு நேராகக் குனிந்தேன்.

அவள் கண் திறந்திருந்தது. என் முகம் அதற்குள் தெரிந்தது. நான் இப்படியும் அப்படியும் கொஞ்சம் நகர்ந்தேன். கண் நகரவில்லை. ஜன்னலில் வெளிச்சம் வருகிறது, அந்தப் பக்கம் மட்டும் ஒருமுறை போய்விட்டு வந்தது. காலை ஆட்டிக்கொண்டேயிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இடுப்பு வலிக்கத் தொடங்கியது.

"தன்விக் குட்டி" என்றேன்.

உடனே என் பக்கம் திரும்பி, பொக்கை வாயைத் திறந்து, இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தாள். அந்தச் சத்தம் கேட்டு இவர் ஓடி வந்தார்.

"பாத்தாளா?"

அவர் முகத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்து ஒரு மாதம் ஆகப் போகிறது.

"பாத்துச் சிரிச்சாளுங்க" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கையை எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு நங்கையாவுக்குப் போன் செய்து, "பாத்துட்டாக்கா, பாத்துட்டா" என்று கத்தினார். அத்தை பூஜை அறைக்கு ஓடினார். ராத்திரி நான் சோறு போட்டேன், மறுக்காமல் சாப்பிட்டார். ஹாலில் விரித்த பாயைச் சுருட்டிக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார்.

அவளுக்கு இன்று கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருந்திருக்கும். ஜன்னல் வெளிச்சமும் கண்ணில் அடித்தது. நாளைக்குத் திரையைப் போட்டுவிட்டு இன்னொரு முறை நின்று பார்க்கிறேன்.

"அப்ப அடுத்த மாசம் போனாப் போதும்ல?" என்று விளக்கை அணைக்கும்போது கேட்டார்.

"போதுங்க" என்றேன்.